விசில் இல்லாமல் எடுத்த வண்டி

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் டிரைவர். என் தம்பி அதே வண்டியில் கண்டக்டர். இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்த புண்ணியவதி நான்தான். டிப்ளமோ முடித்துவிட்டுக் குமராட்சியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனை "மாமா கூடப் போடா" என்று அனுப்பி வைத்தேன். சொந்தத்தையும் தொழிலையும் ஒரே பாத்திரத்தில் வைக்காதே என்று ஊரே சொன்னது. ஊர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

சிதம்பரம் மேலவீதியில் ஒரு மருந்துக் கடையில் நான் பில் போடுகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களை நான் திட்டுகிற திட்டு எதிர்ச் சாரி வரைக்கும் கேட்கும் என்பார்கள். என் வாயைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

மாமனும் மச்சானும் வண்டியில் இருந்த அழகை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேச்சே தேவைப்படாது. இவர் கண்ணாடியைப் பார்ப்பார், அவன் தலையை அசைப்பான், வண்டி கிளம்பிவிடும். புதுச்சத்திரத்தில் எந்தப் படியில் யார் இறங்குவார்கள், ஆலப்பாக்கத்தில் எந்தப் பெண் ஓடி வந்து ஏறும் என்பதெல்லாம் இருவருக்கும் அத்துப்படி. மற்ற வண்டிக்காரர்கள் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமை புதுச்சத்திரம் ஸ்டாப்பிங்கில் உடைந்தது. கிள்ளையைச் சேர்ந்த ஒரு அம்மா, மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர், பின் படியில் ஒரு காலை வைத்திருக்கிறார். வண்டி நகர்ந்துவிட்டது. அந்த அம்மா தார் ரோட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தம்பிதான் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். என் வீட்டுக்காரர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

சாயந்திரம் முதலாளி இரண்டு பேரையும் ஷெட்டுக்கு வரச் சொல்லி விசாரித்தார். என்ன நடந்தது என்று கேட்டதற்குத் தம்பி சொன்னானாம்: "நான் விசில் அடிக்கல சார். டிரைவர் எடுத்துட்டாரு."

அவ்வளவுதான். பொய் இல்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. இரண்டு விசில் வராமல் எடுத்தது டிரைவர் தப்பு. முதலாளி என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நாள் வீட்டில் உட்காரச் சொன்னார். பிறகு வேறு ஆள் கிடைக்காததால் மறுபடியும் அதே வண்டிக்கு, அதே கண்டக்டரோடு அனுப்பினார்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் நடந்த கூத்தைப் பயணிகளே என் கடைக்கு வந்து சொல்வார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி காது ஜவ்வு கிழிகிற மாதிரி விசில் ஊதுகிறான். இவர் பதிலுக்கு ஹாரனை அழுத்துகிறார். டீ குடிக்க நிறுத்தினால் ஒருவர் கடைக்கு அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். "உங்க வூட்டுக்காரரும் தம்பியும் சின்னப் புள்ளைங்களாட்டம் சண்ட போடுறாங்களே" என்று ஒரு காலேஜ் பெண் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்பா அம்மா இல்லை. குமராட்சியில் கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கிற வீடும் அதில் இருக்கிற தம்பியும்தான் என் பிறந்த வீடு. அந்தச் சமயம் தம்பி மனைவி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. மாமியார் இல்லாத வீட்டில் நாத்தனார்தான் முதல் வளையலைப் போட வேண்டும். இவரோ ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ போ. நான் தடுக்கல. ஆனா நான் அங்க வரமாட்டேன்." கட்டினவனை விட்டுவிட்டு ஒருத்தி மட்டும் பிறந்த வீட்டு விசேஷத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை அப்படிப் போய்விட்டால் அடுத்த முறையும் தனியாகத்தான் போக வேண்டும். அதற்கடுத்த முறை போகவே தோன்றாது. அப்படித்தான் பல பெண்களுக்குப் பிறந்த வீடு அற்றுப்போயிருக்கிறது. எனக்கும் அது நடக்கப் போகிறது என்று பயந்தேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

முதலில் சொந்தத்தில் பேசிப் பார்த்தோம். ஒரு பெரியப்பா வந்தார். நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரையும் நிற்க வைத்து, யார் பெரியவன் யார் சின்னவன் என்று ஒரு பாடம் நடத்தினார். "சின்னவன் நீ, அவரு கால்ல வுழு, முடிஞ்சிது" என்றார் தம்பியிடம். தம்பி, "உண்மையச் சொன்னதுக்கு எதுக்கு வுழணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பெரியப்பா வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். சண்டை முன்னைவிட ஜாஸ்தியானது.

கடைக்கு இன்சுலின் வாங்க வருகிற ஒரு வாடிக்கையாளர்தான் கடலூரில் இருக்கிற அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னார். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. வீட்டுச் சண்டை, வேலை செய்கிற இடத்துச் சண்டை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசித் தீர்க்க உதவுகிறார்கள், காசு வாங்குவதில்லை என்றார். காசு வாங்காதவர்கள் என்றதுமே எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் போனேன்.

அங்கே இருந்தது ஒரு அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஆயுசு முழுக்க அடுத்தவர் பேசுவதைக் கேட்டே பென்ஷன் வாங்கியவர் என்று நான் மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டேன். கூடவே பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், அரிசி மண்டி வைத்திருந்தவர். ஒவ்வொரு வழக்குக்கும் இப்படி இருவராகத்தான் உட்காருவார்களாம்.

நான் மூச்சு விடாமல் கொட்டினேன். தம்பியைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், முதலாளியையும் பெரியப்பாவையும் விடவில்லை. அந்த அம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் தண்ணீர் கொடுத்தார். "நாங்க தீர்ப்பு சொல்ல மாட்டோம்மா. யாரு தப்புன்னு சொல்லணும்னா வேற எடம் பாத்துக்கணும்" என்றார். பிறகு ஏன் இந்தக் கடை என்று கேட்டேன். பாய் சிரித்தார். ஆபரேட்டரம்மா கோபப்படவில்லை. "அவுங்க ரெண்டு பேரும் வர சம்மதிக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசினார்கள். வரவழைக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் முதலில், "நான் ஒண்ணும் கோர்ட்டுக்கு வரல" என்றார். தம்பி, "அவரு வந்தா நான் வரேன்" என்றான். அவர் வந்தால் இவன், இவன் வந்தால் அவர். கடைசியில் மாடி அறைக்கு யாரும் போக வேண்டாம் என்று ஆபரேட்டரம்மா ஒரு முடிவெடுத்தார். "சண்ட எங்க நடந்திச்சோ அங்கியே பேசலாம்" என்றார். முதலாளியிடம் அனுமதி வாங்கி, வண்டி ஓடாத ஒரு மத்தியானம், ஷெட்டில் நின்ற பஸ்ஸுக்குள்ளேயே எங்கள் எல்லோரையும் ஏற்றிவிட்டார்.

இவர் தன் சீட்டில். தம்பி பின் படியில். நானும் பாயும் நடுவில் ஆளுக்கொரு ஜன்னலோரம். வெயிலில் சீட்டெல்லாம் சுட்டது. ஆபரேட்டரம்மா கீழே தரையில் நின்றுகொண்டு பின் படியில் ஒரு காலை வைத்தார்.

"இப்ப நான்தான் அந்தக் கிள்ளை அம்மா. அன்னிக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்ங்க. இன்ஜின் மட்டும் வேணாம்."

தம்பி கையில் விசிலோடு நின்றான். இவர் கண்ணாடியைப் பார்த்தார். யாரும் எதுவும் செய்யவில்லை.

"என்னா, விசில் அடிக்கலியா?" என்று கேட்டார் ஆபரேட்டரம்மா.

"அன்னிக்கும் அடிக்கல" என்றான் தம்பி.

"அதுக்கு மொத நாளு?"

தம்பி விசிலை விரலில் உருட்டினான். ஆபரேட்டரம்மா முன்பக்கம் திரும்பி இவரைப் பார்த்து, "சார், அதுக்கு மொத நாளு விசில் கேட்டீங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "அவன் விசில் அடிச்சி ரொம்ப நாளாவுதும்மா. எங்களுக்குத் தேவப்படல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சே தேவைப்படாது என்று நான் பெருமைப்பட்டேனே, அதுதான் கிள்ளை அம்மாவின் கையை உடைத்திருக்கிறது. வேறு டிரைவர் வேறு கண்டக்டர் என்றால் இது நடந்திருக்காது. விசில் வரும் வரைக்கும் காத்திருப்பான், விசிலும் ஒழுங்காக வரும். மாமனும் மச்சானுமாக இருந்ததால்தான் தலையசைப்பே போதும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்குத் தம்பி யாருக்கோ சில்லறை இல்லை என்று தலையை ஆட்டியிருக்கிறான். அதைப் போகச் சொல்கிற தலையசைப்பு என்று நினைத்து இவர் வண்டியை எடுத்துவிட்டார்.

ஆபரேட்டரம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. படியிலிருந்து காலை எடுத்து, மேலே ஏறி வந்து ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "சரி, விசில் பிரச்சன ரெண்டு பேருக்கும் பொது. அதுக்கா இத்தினி நாளு பேசாம இருக்கீங்க?" என்று கேட்டார். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது, பேசுகிறவர் தன்னைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றும் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன். பாய் கையைக் காட்டி என்னை அடக்கினார். அது ஒரு சாதனை.

இவர்தான் முதலில் பேசினார். "ஊர்ல ஆயிரம் பேரு என்ன டிரைவர்னு கூப்புடுறான். அதுல ஒண்ணுமில்ல. ஆனா பொறந்ததுலேந்து மாமா மாமான்னு என் தோளு மேல ஏறுனவன், முதலாளி முன்னாடி டிரைவர் எடுத்துட்டாருன்னு சொன்னான். தப்பு எம்மேலதான். நானே ஒத்துக்கிட்டிருப்பேன். அந்த வார்த்தைதான் எனக்கு ஆறல."

நாங்கள் காதலித்துக் கல்யாணம் பண்ணியவர்கள் இல்லை, ஆனாலும் இவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து தம்பியைத் தூக்கி வளர்த்தவர்தான். அதனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. தம்பி முகம் சுருங்கிவிட்டது. அவன் முறை வந்ததும் ஆபரேட்டரம்மாவைப் பார்த்துச் சொன்னான்:

"அங்க மாமான்னு சொல்லியிருந்தா சொந்தக்காரன் சொந்தக்காரனக் காப்பாத்துறான்னு முதலாளி நெனப்பாரு. ரெண்டு பேரு வேலையும் போயிருக்கும். அதான் அப்படிச் சொன்னேன். எனக்கு இருக்கிற கோவம் வேற. ஒரு பொம்பள ரத்தத்தோட ரோட்டுல கெடக்குறாங்க. நான் தூக்குறேன். மாமா சீட்ட வுட்டு எறங்கல. திரும்பிக் கூடப் பாக்கல. இவ்ளோ கல்நெஞ்சா இவருக்குன்னு எனக்கு வெறுத்துப்போச்சி. இன்னி வரைக்கும் அந்தம்மாவ அவரு போயிப் பாக்கல."

நான் இவரைப் பார்த்தேன். எனக்கும் அந்தக் கேள்வி உள்ளுக்குள் இருந்தது. கேட்டால் சண்டை வருமென்று கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இவர் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டரம்மா அவசரப்படுத்தவில்லை. எங்கேயோ ஒரு டயரைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எறங்க முடியல" என்றார் கடைசியில். "காலு ரெண்டும் வரல. கை நடுங்குது. ஸ்டியரிங்க வுட்டா நானே வுழுந்துடுவேன் போல இருந்திச்சி. கண்ணாடில பாத்தேன். அந்தம்மா பொடவ தெரிஞ்சிது. செத்துட்டாங்கன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போனேன். கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். இவகிட்டயும் சொல்லல."

இவ என்றது என்னை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், இந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது எனக்குத் தெரியாது. பின் படியிலிருந்து தம்பி எழுந்து வண்டியின் நீளம் முழுக்க நடந்து வந்து, இன்ஜின் பானெட் மேல் உட்கார்ந்தான். "சொல்லக் கூடாதா மாமா" என்று மட்டும் கேட்டான். ஆபரேட்டரம்மாவைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்ற சட்டம் அங்கே காற்றில் போனது. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மாவா?

எல்லாம் முடிந்தது, இனி பழையபடி ஒரே வண்டியில் ஜோராகப் போவார்கள் என்று நான் நினைத்தேன். தம்பி வேறு மாதிரிச் சொன்னான். "மாமா, நாம ஒண்ணா ஓட்ட வேணாம். சேர்ந்துட்டோம்ல, பத்து நாளுல திரும்பியும் விசில மறந்துடுவோம்." இவரும் யோசித்துவிட்டு, "ஆமாண்டா. இன்னொரு தடவ அந்தக் கண்ணாடில அப்படிப் பாக்க என்னால முடியாது. முதலாளிகிட்ட காட்டுமன்னார்கோயில் வண்டி கேக்குறேன்" என்றார். கிள்ளை அம்மாவை இருவரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். பாய் கையைக் காட்டினாலும் இனி அடங்கப் போவதில்லை. "சேத்து வைக்கத்தானே உங்களக் கூப்புட்டேன். நல்லாப் பிரிச்சி வுட்டுட்டீங்க. இதுக்கு எங்க பெரியப்பாவே மேல்" என்று ஆபரேட்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "வண்டிய அவுங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க. அது அவுங்க வேலம்மா. உங்களுக்கு என்ன வேணும்? அத இன்னும் நீங்க சொல்லவேயில்ல" என்றார்.

நான் சொல்லாததா? வந்த நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்தது வேறு யார்? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் இப்படி, இவர் அப்படி என்றுதான் கத்தியிருந்தேன். எனக்கு இன்னது வேண்டும் என்று அந்த இரண்டு பேர் முகத்துக்கு நேராக ஒருமுறை கூடச் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. அந்த அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பேச வைக்கப் பொதுவாக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"எனக்குப் போவறதுக்கு ஒரு வூடு வேணும்" என்றேன். "அப்பா அம்மா இல்லாத வூடுதான். இருந்தாலும் நான் போனா நிக்கிறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிக்கிட்டா அதுவும் போயிடும். வளைகாப்புக்கு நான் இவரோடதான் வருவேன். இல்லன்னா வரமாட்டேன்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அழுதது எனக்கே வெட்கமாக இருந்தது.

பாய் துண்டை நீட்டினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இவர் என்னைப் பார்த்து, "வரேன்" என்றார். ஆபரேட்டரம்மா யாரையும் கைகொடுக்கச் சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. கடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பியிடம் விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு பலருக்கு அந்த மாடி அறையைக் கைகாட்டியிருக்கிறேன். எங்கள் கடைப் பையன்கள் இருவர் ஷிப்டுக்காக முட்டிக்கொண்டபோதும் அங்கேதான் அனுப்பினேன். ஊரில் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, நானே இருக்கிறேன். கேட்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த அம்மாவைப் பார்த்தால் எனக்கு மரியாதை தானாக வருகிறது. என் வாயும் கொஞ்சம் அடங்குகிறது.

வளைகாப்பு அன்று காலையில் தட்டு வரிசையோடு குமராட்சிக்குப் போனோம். காட்டுமன்னார்கோயில் வண்டிக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இவர் என்னோடு வந்தார். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பெரியப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோர் கண்ணும் இவர் மேல்தான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், கண்ணும் காதும் மட்டும் கூடத்தில் இருந்தன.

தம்பி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இவர் அண்ணாந்து குடித்தார். விருந்தாளியாக வந்தவன் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வான், நல்ல தண்ணி என்பான்.

"என்னடா மச்சான், தண்ணி இப்படிக் கரிக்குது" என்றார் இவர். "போருக்குள்ள உப்பு எறங்கிடுச்சா? ஆளக் கூப்புட்டுப் பாக்கறதில்ல? புள்ளத்தாச்சிப் பொண்ணு இதயா குடிக்குது?"

"சொல்லியிருக்கேன் மாமா, நாளைக்கு வரான்" என்றான் தம்பி.

"நாளைக்கு நாளைக்குன்னு ஒரு மாசம் ஓட்டுவ. நானே கூட்டியாரேன்."

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெங்காயம் கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்வதற்கு. கரண்டியை அடுப்பு மேல் வைத்துவிட்டு, கூடத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"வந்து உக்காரல, அதுக்குள்ள எங்க வூட்டுத் தண்ணியக் கொற சொல்ல ஆரம்பிச்சாச்சா?"